எட்டுக் கம்பி வரிசை

விசில் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிரும். ஏணி மேல் இருந்தாலும் சரி, டீக்கடையில் இருந்தாலும் சரி. டிராஃபிக் போலீஸ் வேறு யாருக்கோ ஊதுவார். நான் நிமிர்வேன். அந்த மிஸ் பழக்கிவிட்டது.

நான் ஒயர்மேன். வீடு தேனாம்பேட்டை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. முதலில் கரண்ட் வேலை மட்டும் பார்த்தேன். பிறகு எல்லா வீட்டிலும் நெட் வந்தது. சரி என்று நெட் கேபிளும் இழுத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துச் செய்ததுதான்.

மிஸ் இருந்தது சாந்தோமில். பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. மிஸ்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். கடல் பக்கம் போகிற தெருவில் வீடு. அகலம் ஒரு ஆட்டோ திரும்பாது. நீளம் மட்டும் முடியவே முடியாது. வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்கதவு இன்னொரு சந்தில் இருக்கும். நடுவில் இரண்டு முற்றம்.

முதல் நாள் ஏணியோடு போய் வாசலில் நின்றேன்.

"பேர் என்ன?" என்றார். சொன்னேன்.

"வேணாம். பேரெல்லாம் எனக்கு மனசுல நிக்காது. ஸ்கூல்ல ரோல் நம்பர்தான். கிளாஸுக்கு நாப்பது பேரு. நீ புதுசா வந்திருக்கே. நீ நாப்பத்தொண்ணு."

"இன்னா மிஸ், ஸ்டேஷன்ல நிக்க வெச்சி போட்டோ புடிக்கிற மாதிரி கீது."

"பேசாதே. நம்பர் கூப்பிட்டா என்ன சொல்லணும்? நாப்பத்தொண்ணு!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வயது நாற்பத்து நாலு. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கிறாள்.

"ப்ரெசென்ட் மிஸ்," என்றேன். அப்புறம்தான் உள்ளே விட்டார். அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் நாற்பத்தொன்றுதான்.

அன்று பையைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் என் சாமான் எல்லாம் தரையில் வரிசையாக நிற்கிறது. டிரில் மிஷின், சுத்தி, கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், கடைசியில் சின்னதாக டெஸ்டர்.

"உயரம் பார்த்து நிக்க வெச்சேன்," என்றார் மிஸ். "இப்ப எவன் வரலைன்னு ஒரு பார்வைல சொல்லலாம்."

உண்மைதான். அன்றைக்கு ஒரு சாமானைக்கூட விட்டுவிட்டு வரவில்லை. எனக்கு அது புதுசு.

மிஸ்ஸுக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான். வரிசை. அது சரியாக இருந்தால் மற்றது எல்லாம் தானாகச் சரியாகும். அதுதான் அவருடைய வேதம். பைபிள் தனி.

ஒருநாள் மார்க்கெட் பக்கம் போனபோது பார்த்தேன். மீன் விற்கிற அம்மாவைச் சுற்றி எட்டுப் பத்துப் பெண்கள் முட்டிக்கொண்டிருந்தார்கள். மிஸ் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். "வரிசை!" என்றார். நின்றுவிட்டார்கள். எல்லாரும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள். அதில் பாதிப் பேர் அவரிடம் படித்திருப்பார்கள் போலிருக்கிறது. கை நீட்டி முன்னால் இருப்பவள் தோளைத் தொட்டு இடைவெளி பார்த்தார்கள்.

மீன் விற்கிற அம்மா தலையில் கை வைத்துக்கொண்டது.

"வந்துச்சுப்பா எங்க கமிஷனரு. ஏம்மா, நீ மீனு வாங்க வந்தியா, பரேடு எடுக்க வந்தியா?"

"வரிசைல நின்னா உனக்குத்தானே நல்லது."

"இன்னா நல்லது? கும்பலா நின்னாத்தான் ஒருத்தி மேல ஒருத்தி வுழுந்து வாங்கினு போவா. வரிசைல நிக்க வெச்சா யோசிக்கிறாளுங்க. யோசிச்சா எவ மீனு வாங்குவா? கோழிக் கடைக்குப் போய்டுவா."

மிஸ் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்," என்றார். ஆனால் வரிசையைக் கலைக்கவில்லை. அவர் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

என்னைக் கூப்பிட்டது நெட்டுக்காக.

மிஸ்ஸின் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகன், பாங்க்கில் வேலை. மருமகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே செய்கிற வேலை. மத்தியானம் ஆரம்பித்தால் பொழுது சாய்ந்த பிறகும் ஓடும். முக்கால்வாசி நேரம் கேமராவில் முகம் காட்டிப் பேச வேண்டும். அவளுக்குச் சத்தம் ஆகாது. அதனால் பின்பக்கம் மாடி அறையைப் பிடித்துக்கொண்டாள்.

ரூட்டர் முன் ஹாலில் இருந்தது. நெட் கம்பெனிக்காரர்கள் வாசலோடு சரி. வீட்டுக்குள் இழுத்து வர மாட்டார்கள். வைஃபை இரண்டாவது சுவரைத் தாண்டாது. சுவர் அத்தனை தடி, பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர். அதனால் ஹாலிலிருந்து மாடி வரைக்கும் நான் கேபிள் இழுத்தேன். முற்றம் சுற்றி, மொட்டைமாடி ஏறி, இறங்கி. மிஸ் அடி வைத்து அளந்தார். எழுபது மீட்டர்.

இரண்டு முனையிலும் பிளக் அடித்தேன். ஹால் முனை சுவரில் ஒரு சின்னப் பெட்டியில் முடியும். அங்கிருந்து ரூட்டருக்கு அரை மீட்டர் வயர். அது ரூட்டரோடு வந்த கம்பெனி வயர். கேபிள் டெஸ்டரை மாட்டினேன். எட்டுக் கம்பிக்கு எட்டு லைட்டும் வரிசையாக எரிந்தது. நெட் வந்தது. எல்லாரும் கை குலுக்கினார்கள். நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் போன் வந்தது. "நாப்பத்தொண்ணு. நெட் ஆப்சென்ட்."

வந்தது, போனது. வந்தது, போனது. கேமராவை மூடி வைத்தால் ஓடும். முகத்தைக் காட்டினால் நின்றுவிடும்.

"உன் மூஞ்சியப் பாத்தா நெட்டு பயந்து ஓடுது," என்றார் மிஸ் மருமகளிடம்.

"நல்லா இருக்கு அத்தை. என் மேனேஜரும் அதைத்தான் சொல்றார். வேற மாதிரி சொல்றார்."

மேனேஜர் சொன்னது இதுதான். இந்த மாதக் கடைசிக்குள் நெட் சரியாக வேண்டும். இல்லாவிட்டால் தினமும் ஆபீஸுக்கு வா. ஆபீஸ் பழைய மகாபலிபுரம் ரோட்டில். சாந்தோமிலிருந்து தினம் போய்வர முடியாது என்று மகன் பாலவாக்கத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டார். மாதக் கடைசியில் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் போய்விட்டால் அந்த நீள வீட்டில் மிஸ் மட்டும்.

போகாதீர்கள் என்று மிஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாலவாக்கத்துல உப்புக் காத்து," என்றார். "ஃபிரிட்ஜெல்லாம் துரு புடிக்கும்."

"மிஸ்," என்றேன், "இங்கயும் கடல் ரெண்டு தெரு தாண்டித்தான் கீது."

"இது வேற காத்து. நீ உன் வேலையப் பாரு."

நெட் நிற்கிற போதெல்லாம் ஒரு கூத்து நடக்கும். மருமகள் லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து ஓடி வருவாள். "ஹலோ, ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டே இரண்டு முற்றமும் தாண்டி ஹாலுக்கு வந்து ரூட்டர் பக்கத்தில் உட்கார்வாள். மிஸ் ஸ்டாப் வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இருபத்திரண்டு செகண்ட். நேத்து இருபத்தஞ்சு. முழங்கால இன்னும் தூக்கு."

"அத்தை, மைக் ஆன்ல இருக்கு!"

அப்புறம் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்ப்பாள். மிஸ் கொய்யாப்பழம் நறுக்கி வைப்பார். கேமராவில் தெரியாமல் கையை நீட்டி எடுத்துத் தின்பாள். டீ வரும். பேச்சு வரும். நெட் வந்துவிட்டது என்று நான் மாடியிலிருந்து குரல் கொடுத்தால் எழுந்து போவாள். மறுபடி ஓடி வருவாள். ஒரு நாளைக்கு நாலு தடவை.

மிஸ் ஒரு நோட்டுப் போட்டார். நெட்டுக்கு அட்டெண்டன்ஸ். அரை மணிக்கு ஒரு கட்டம். ஓடினால் பி. நின்றால் ஏ. மெதுவாகப் போனால் எல், லேட். பக்கம் பக்கமாக எழுதினார். ஏ எல்லாம் சிவப்பு மையில். பார்க்க அம்மை போட்ட மாதிரி இருந்தது.

நான் எலி என்றேன். எனக்கு எந்த வீட்டிலும் முதலில் எலிதான். மிஸ் எழுபது மீட்டரும் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். ஒரு பல் தடம் இல்லை.

வெயில் என்றேன். மொட்டைமாடியில் குழாய் போட்டு அதற்குள் கேபிளை விட்டோம். அப்போதும் நெட் நின்றது.

தண்ணி மோட்டார் என்றேன். மோட்டார் வயரும் நெட் கேபிளும் ஒரே குழாயில் கொஞ்ச தூரம் போகிறது. அதுதான், வேறு எதுவும் இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

"அப்போ மோட்டாரை நிறுத்திப் பாப்போம். வேற எதையும் தொடாதே. ஒரு நேரத்துல ஒருத்தனைத்தான் வெளிய நிக்க வைக்கணும். அப்பத்தான் எவன் பேசினான்னு தெரியும்."

முந்தின ராத்திரியிலிருந்து மோட்டார் போடவில்லை. காலையிலேயே தொட்டி காலி. மகன் ஷேவிங் சோப்பு முகத்தோடு பக்கத்து வீட்டுக் குழாய்க்குப் போனார். எனக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லை. நோட்டில் அன்றைக்கு ஒன்பது சிவப்பு ஏ.

"மோட்டார் ஒண்ணும் பண்ணல," என்றார் மிஸ். "பாவம், அநியாயமா வெளிய நிக்க வெச்சிட்டோம்."

புதுக் கேபிளே இழுத்துவிட்டேன். வேறு வழியில். நின்றது.

பிளக்கை வெட்டி வேறு அடித்தேன். நின்றது. மறுபடி அடித்தேன். ஆறு தடவை. நான் மாடி முனையில், மிஸ் ஹாலில் ரூட்டர் விளக்கைப் பார்த்தபடி. நெட் வந்தால் ஒரு விசில், போனால் இரண்டு விசில். சந்தில் இருந்த செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டான், திருடன் என்று நினைத்து. ஏணியில் இருந்த என்னைப் பார்த்ததும் இறங்கச் சொல்லிக் கம்பைத் தூக்கினான். மிஸ் பின்கதவைத் திறந்து அவனுக்கும் ஒரு விசில் ஊதினார். அவனும் நிமிர்ந்து நின்றான்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. நான் கை விட்டுவிட்டேன்.

"மிஸ், என் மேல ஒண்ணும் தப்பில்ல. டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரியுது. பாருங்க. எட்டும். பதினோரு வருசமா இப்டித்தான் போட்டுகினு இருக்கேன். எத்தினி வூடு. ஒரு வூட்லயும் நிக்கல."

மிஸ் டெஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எட்டு பேரும் வந்துட்டாங்க. சரி. அது அட்டெண்டன்ஸ். யாரு பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு உன் டெஸ்டர் பாத்துச்சா?"

எனக்குப் புரியவில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்த சேலையோடே மிஸ் தரையில் உட்கார்ந்தார். ஹால் பெட்டியிலிருந்து ரூட்டருக்குப் போகிற கம்பெனி வயரைக் கழற்றினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். பிளக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். உள்ளே கம்பிகளின் நிறம் தெரியும். என்னிடம் நான் அடித்து வெட்டிப் போட்ட பிளக் ஒன்றைக் கொடுத்தார்.

"நான் என் கிளாஸைக் கூப்பிடறேன். நீ உன் கிளாஸைக் கூப்பிடு. ஒண்ணு?"

"வெள்ளை ஆரஞ்சு மிஸ்."

"வெள்ளை ஆரஞ்சு. ரெண்டு?"

"ஆரஞ்சு."

"ஆரஞ்சு. மூணு?"

"வெள்ளைப் பச்சை."

"வெள்ளைப் பச்சை. நாலு?"

"பச்சை."

மிஸ் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மறுபடி பார்த்தார். "நாலு?"

"பச்சைதான் மிஸ்."

"இங்க நீலம் நிக்குது. அஞ்சு?"

"வெள்ளை நீலம்."

"இங்கயும் வெள்ளை நீலம். ஆறு?"

"நீலம்."

"பச்சை!" என்றார் மிஸ். பெருங்குரல். மைதானத்தில் எந்தக் கோடியில் நின்றாலும் கேட்டிருக்கும். "உன் கிளாஸ்ல ரெண்டு பேரு இடம் மாறி நிக்கிறாங்கடா நாப்பத்தொண்ணு!"

விஷயம் இதுதான். அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பி. நாலு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் அதே நிறக் கோடு போட்ட ஒரு வெள்ளை ஜோடி. பச்சையோடு வெள்ளைப் பச்சை முறுக்கிக்கொண்டு வரும். நீலத்தோடு வெள்ளை நீலம். கேபிள் நீளத்துக்கும் அப்படித்தான். பிளக்குக்குள் விடும்போது நான் அந்த ஜோடிகளை ஜோடியாகவே பக்கத்தில் பக்கத்தில் விடுவேன். கம்பெனி வயரில் பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை விட்டிருப்பதை முன்னாலேயே பார்த்திருக்கிறேன். எவனோ தூக்கக் கலக்கத்தில் செய்தது என்று நினைத்தேன். அவ்வளவு தூரம் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை வாசலில் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

பதினோரு வருடம் கம்பெனியை நான் திருத்திக்கொண்டிருந்தேன்.

மிஸ் யாருக்கோ போன் போட்டார். "பதினேழு!" என்றார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "ப்ரெசென்ட் மிஸ்!" என்றது. மிஸ்ஸிடம் படித்த பெண். வெளிநாட்டில் இதே துறையில் பெரிய வேலையாம். அங்கே என்ன நேரமோ தெரியாது. எழுந்து நின்றுதான் பேசியிருப்பாள்.

அவள் சொன்னதை மிஸ் எனக்குச் சொன்னார்.

"மூணாம் இடமும் ஆறாம் இடமும் ஒரு ஜோடின்னு மிஷின் வெச்சிருக்கு. அது அவங்க போட்ட வரிசை. நீ மூணுல வெள்ளைப் பச்சையும் ஆறுல நீலமும் வெச்சிருக்கே. அவங்க ரெண்டு பேரும் அன்னியர். முறுக்கிக்கிட்டு வந்தவங்க இல்ல. அதனால பக்கத்துல இருக்கறவன் பேச்செல்லாம் அவங்க காதுல விழுது. கொஞ்ச தூரம்னா சமாளிச்சுக்குவாங்க, ஒண்ணும் தெரியாது. எழுபது மீட்டர்னா யாரு பேசறாங்கன்னே தெரியாம போயிடும். கேமரா போட்டா எல்லாரும் ஒரே நேரத்துல கத்தறாங்க. அவ்ளோதான்."

"அப்போ இத்தினி வூட்ல?"

"எல்லாம் சின்ன வீடு. தப்பு தெரியல."

தரையைப் பார்த்தேன். மிஸ் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் பை மூடியின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எட்டு நிறத்தையும் எழுதினார். கீழே கோடு போட்டார். "இதான் வரிசை. படி." படித்தேன். "இன்னொரு தடவை."

இரண்டு முனையிலும் புது வரிசையில் பிளக் அடித்தேன். ஹாலிலிருந்து ஒரு விசில் வந்தது. அப்புறம் விசிலே இல்லை. அன்று முழுக்க இல்லை. மறுநாள் நோட்டில் எல்லாக் கட்டத்திலும் பி. அதற்கு மறுநாளும்.

"எத்தனை வீட்டுல இப்படிப் போட்டிருக்கே?" என்றார் மிஸ்.

"எண்ணல மிஸ்."

"போய் எல்லாத்தையும் மாத்து."

"ஓடிகினு கீற நெட்ட போய் கழட்டறேன்னு சொன்னா செருப்பால அடிப்பாங்க மிஸ்."

"சரி. கூப்பிடற வீட்டுல மாத்து."

அப்படித்தான் செய்து வருகிறேன்.

மாதக் கடைசி வந்தது. மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். மகன் பாலவாக்கத்து வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மிஸ் எனக்குத் தூக்கு நிறைய மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். பாலவாக்கத்து உப்புக் காற்றைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

இரண்டு மாதம் என்னைக் கூப்பிடவில்லை. வேலை நன்றாக இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். பழக்கம்தான். ஆனால் மிஸ் வீட்டுத் தெருவைத் தாண்டும்போது வண்டி கொஞ்சம் மெதுவாகப் போகும்.

ஒருநாள் போன் வந்தது. "நாப்பத்தொண்ணு. வா."

"நெட் ஆப்சென்ட்டா மிஸ்?"

"வா, சொல்றேன்."

போனேன். ஹாலில் மிஸ் மட்டும். ரூட்டர் விளக்கு பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. அத்தனை நீளத்துக்கும் அமைதி.

"நெட் எப்படி கீது மிஸ்?"

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. ஒரு நிமிஷம் நிக்கல." ரூட்டர் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். "மத்தியானம் மேல போறா. ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் இறங்கறா. டீயை ஃபிளாஸ்க்ல எடுத்துட்டுப் போயிடறா. நேத்து நான் அவகிட்ட பேசினது மூணு வார்த்தை. அதுல ஒண்ணு 'குட் நைட்'."

நான் ஏணியைச் சாய்த்து வைத்தேன்.

"பழைய வரிசைல ஒரு வயர் போட்டுக் குடு," என்றார். "சின்னதா. இந்த ரூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவுல மாட்டற மாதிரி. வேணும்னா மாட்டுவேன். வேணாம்னா கம்பெனி வயரை மாட்டிடுவேன்."

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம்.

"மிஸ், அந்தப் பொண்ணு வேலைக்கு வேட்டு வெச்சிடும்."

"டைம் டேபிள் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவளுக்கு மீட்டிங் இல்ல. தனியா என்னமோ டைப் பண்ணுவா. அரை மணி நின்னா ஒண்ணும் ஆகாது. கீழ வருவா. அவ்ளோதான்."

"அதுக்கு வயர் எதுக்கு மிஸ்? நாலு மணிக்கு ரூட்டரை அணைச்சா போச்சி."

மிஸ் முகம் சிவந்துவிட்டது.

"அணைச்சா அது பொய்! நானே அணைச்சிட்டு நெட் போச்சுன்னு சொல்லணும். பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட அதைச் சொல்லணும். நெட்டு தானா போனா நெட்டு போச்சு. அதுல என் மேல ஒண்ணுமில்ல."

"தப்பான வயரை மாட்டறது?"

"அது ரிப்பேர்," என்றார்.

"கீழ வாம்மான்னு கூப்டுங்களேன் மிஸ். வாயத் தொறந்து."

"முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதித்தான் கூப்பிட்டேன். மருமகளை விசில் ஊதிக் கூப்பிட முடியுமா? வேற மாதிரி எனக்கு வராது. நீ போடு."

நான் போட்டேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமைதான். அதையும் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். அரை மீட்டர் வயர் வெட்டி, பதினோரு வருடம் செய்ததை மறுபடி செய்தேன். கை மறந்திருந்தது. இரண்டு தடவை சரியான வரிசையில் போய்விட்டது. பிரித்துத் தப்பாக அடுக்கினேன். மிஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நாலாவது பச்சை. ஆறாவது நீலம். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

"தப்பு சரியா இருக்கு," என்றார்.

சரியாக நாலு மணிக்குக் கம்பெனி வயரைக் கழற்றி, இதை மாட்டினோம். மிஸ் சோபாவில் உட்கார்ந்தார். சேலையைச் சரிசெய்தார். முற்றத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் கொய்யாப்பழம் நறுக்கி வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஐந்து நிமிடம். யாரும் வரவில்லை. பத்து நிமிடம். கால் சத்தம் இல்லை. ரூட்டர் விளக்கு ஜோராக மின்னியது.

"போய்ப் பாத்துட்டு வா. சத்தம் போடாம."

போனேன். மாடிப்படியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தேன். மருமகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் ஏதோ வீடியோ வேறு ஒரு மூலையில் ஓடியது. தடையே இல்லை. தண்ணீர் மாதிரி.

திரும்பி வந்தேன். "ஓடுது மிஸ். சூப்பரா ஓடுது."

"எப்படி ஓடும்? ஒழுங்கா தப்பா போட்டியா?"

"நீங்கதான பாத்தீங்க. தப்பாத்தான் போட்டேன்."

"அப்புறம் ஏன் ஓடுது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு வேலை செய்து, இத்தனை நாள் தலையை உடைத்துக்கொண்டு, இது தோன்றவில்லை.

"அரை மீட்டர்தான மிஸ்," என்றேன். "சின்ன வயரு. சின்ன வயர்ல தப்பு தெரியாது."

மிஸ் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. நான் அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை. அது பெரிய சிரிப்பு. ஆரம்பித்தால் நிற்கத் தெரியாத சிரிப்பு. "எழுபது மீட்டருக்கு வேணும்டா இன்னொரு வயரு" என்று சொல்லப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சோபா கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. நான் சாதாரணமாகச் சிரிக்கிற ஆள் இல்லை.

உள்ளே தடதடவென்று சத்தம் கேட்டது. மருமகள் ஓடி வந்தாள். செருப்பு இல்லை. ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. லேப்டாப் கையில் இல்லை.

"அத்தை! என்னாச்சு? விழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா."

"அழற மாதிரி கேட்டுச்சு. ஹெட்போனைத் தாண்டி மேல வரைக்கும் கேட்டுச்சு."

"சிரிச்சேன்."

"நீங்களா?" அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணா, அப்படி என்ன சொன்னீங்க?"

நான் கொஞ்சம் நகர்ந்து நின்று ரூட்டரையும் அந்த வயரையும் மறைத்துக்கொண்டேன்.

"நெட் நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு," என்றார் மிஸ். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ அண்ணா எதுக்கு வந்தாரு?"

மிஸ் பொய் சொல்ல மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், பிறகு எடுத்துவிட்டார். கிளாஸில் கேள்வி கேட்டு நிற்க வைத்த பிள்ளை மாதிரி இருந்தது.

"டீ போடறேன்," என்றார். "குடிச்சிட்டு... போறியா?"

மருமகள் கொஞ்சம் விழித்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றிச் சோபாவில் போட்டாள். "குடிக்கறேன் அத்தை. ஃபிளாஸ்க் டீயெல்லாம் ஒரு டீயா?" என்று சொல்லி, கொய்யா ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

மிஸ் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. நான் கம்பெனி வயரை எடுத்து அதன் இடத்தில் மாட்டினேன். என் வயரை மடித்துப் பைக்குள் போட்டேன்.

"சர்க்கரை எங்கே?" என்று உள்ளேயிருந்து மிஸ் கேட்டார்.

அவர் வீடு. அவர் சமையலறை. டப்பாக்களை வரிசையாக அடுக்கி வைத்ததும் அவர்தான்.

"இருங்க அத்தை, வரேன்," என்று மருமகள் எழுந்து உள்ளே போனாள்.